ஒன்பது இடம், ஒரு பஸ், ஒரு போயா நாள்

யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வருபவர்கள் பார்க்க விரும்பும் இடங்கள் ஒரே வட்டப் பாதையில் அமைந்தவை அல்ல. நயினாதீவுக்குப் பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் வழியாகத் தென்மேற்கே போக வேண்டும். கீரிமலைக்கு வலிகாமத்தை ஊடறுத்து வடக்கே போக வேண்டும். பருத்தித்துறைக்கு வடமராட்சிப் பக்கமாக வடகிழக்கே போக வேண்டும். ஒரு திசையின் அந்தத்துக்குப் போனவர் அடுத்த திசைக்குப் போவதென்றால் பெரும்பாலும் நகரப் பக்கம் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். இந்த மூன்று திசைகளையும் ஒரே பகற்பொழுதில், அதுவும் ஒரு பெரிய பஸ்ஸில், காட்டி முடிப்பதாகத்தான், பௌத்தர்களின் முழுநிலா விடுமுறையான பொசன் போயாவை ஒட்டிய நீண்ட விடுமுறையில் நாங்கள் போன சுற்றுலாவின் துண்டுப்பிரசுரம் சொல்லியது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில், மந்திரிமனை, நயினாதீவு, பொது நூலகம், கந்தரோடை, கீரிமலை, நிலாவரைக் கிணறு, பருத்தித்துறை முனை, இறுதியில் கோட்டை மதிலில் நின்று சூரியன் மறைவதைப் பார்த்தல் என ஒன்பது இடங்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன.

லண்டனிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. பெறாமக்கள் இருவரும் தமிழ் கேட்டால் விளங்கிக்கொள்வார்கள். ஆனால் தாயின் ஊரைப் பற்றிப் படங்களில் பார்த்ததற்கு மேல் எதுவும் அறியாதவர்கள். வேலணையில் பிறந்து நெடுங்காலம் வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மாவும் எங்களுடன் வந்திருந்தார். அவருக்கு முழங்கால் வலி. ஓட்டோவில் குலுங்கிப் போக முடியாது. அந்த வார இறுதியில் வான்கள் எல்லாம் முன்பதிவாகிவிட்டிருந்தன. தமிழில் விளக்கம் சொல்ல வழிகாட்டி ஒருவர் வருவார், மதிய உணவும் நுழைவுக் கட்டணமும் உள்ளடங்கும் என்று சொன்னதால் பஸ்ஸில் ஆசனம் பதிந்தோம். விலை மலிவு என்று சொல்ல முடியாது; ஆளுக்குக் கொடுத்த தொகையைக் கூட்டிப் பார்த்தால் சாதாரண நாளில் ஒரு வான் பிடித்திருக்கலாம்.

காலை 6.30க்குப் புறப்படுவதாகச் சொன்ன பஸ், விடுதி விடுதியாகச் சென்று ஆட்களை ஏற்றி முடித்தபோது எட்டு மணியாகிவிட்டது. இவ்வகைச் சுற்றுலாக்களில் முதலில் ஏற்றப்படுபவர் கடைசியில் ஏற்றப்படுபவருக்காக ஊரைச் சுற்றிக் காத்திருக்கிறார். ஆகவே பதியும்போதே எத்தனை விடுதிகளில் ஆள் ஏற்றுவார்கள், நாமே நேராகப் புறப்படும் இடத்துக்கு வந்துவிடலாமா என்று கேட்பது நல்லது. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும் என்பதை வழிகாட்டி வாசலில் வைத்துத்தான் சொன்னார். எங்களுக்கு அது தெரிந்த விடயம். தென்னிலங்கையிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் சிலர் தயங்கி வெளியே நின்றுவிட்டார்கள். நாங்கள் உள்ளே நுழைந்து சற்று நேரத்தில் பஸ் புறப்படப்போவதாகத் தொலைபேசியில் அழைப்பு வந்தது. மந்திரிமனையை ஓடும் பஸ்ஸின் இடப்பக்க ஆசனத்தில் இருந்தவர்கள் கண்டார்கள். வலப்பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது காணக் கிடைக்கவில்லை. போர்த்துக்கேயர் 1621இல் பழைய நல்லூர்க் கோயிலை இடித்தார்கள் என்பதும், இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில் வேறோர் இடத்தில் எழுந்தது என்பதும் அந்த வீதியில் வைத்துச் சொல்லப்பட வேண்டிய செய்திகள். வழிகாட்டியோ ஒலிவாங்கியில் அன்றைய நிகழ்ச்சி நிரலை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார்.

பண்ணைப் பாலம் அந்தப் பயணத்தின் மிக அழகான பகுதி. இருபுறமும் முழங்கால் ஆழக் கடல், அதில் தடிகளை நட்டுக் கட்டிய வலைகள், ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள். பஸ்ஸின் தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டு உச்சத்தொனியில் ஒலித்துக்கொண்டிருந்ததால், அந்த வலைகளுக்குள் மீன் எப்படிப் போய்ச் சிக்கும் என்று பெரியம்மா பெறாமகனுக்கு விளக்கியதை நான் அவர் வாயசைவிலிருந்தே ஊகித்தேன். சத்தத்தைக் குறைக்கும்படி முன் ஆசனத்திலிருந்த ஐயா ஒருவர் கேட்டார். பாட்டுப் போடாவிட்டால் பஸ் நித்திரையாகிவிடும் என்பது உதவியாளரின் பதில்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் போயா நாளின் பொருள் விளங்கியது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இருக்கின்றன. புத்தர் அங்கு வந்ததாகப் பௌத்த மரபு நம்புவதால், போயா விடுமுறையில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரிகர்கள் வருவார்கள். கடலைக் கடக்கும் நேரம் ஏறத்தாழ இருபது நிமிடம்தான். வரிசையில் நின்ற நேரம் அதைப் போலப் பல மடங்கு. வெயிலில், நிழற்கூரை முடிந்த இடத்துக்கும் அப்பால், பெரியம்மாவைச் சீமெந்துக் கட்டொன்றில் இருத்திவிட்டு நாங்கள் மாறி மாறி வரிசையில் நின்றோம். படகில் உயிர்காப்பு அங்கியை எல்லோரும் அணிய வேண்டும். முந்தியவரின் வியர்வை காயாத அங்கி அது. கீழ்த்தட்டில் டீசல் மணத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் வழிகாட்டி எங்களோடு படகில் ஏறவில்லை என்பதைக் கவனித்தோம். பஸ்ஸோடு நின்றுகொள்வதே அவருக்கு இடப்பட்ட பணி என்று பிறகு சொன்னார். அன்றைய ஒன்பது இடங்களிலும் விளக்கம் அதிகம் வேண்டியிருந்த ஓர் இடத்தில் வழிகாட்டி இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர், பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்ன அதே ஐயா. ஓய்வுபெற்ற ஆசிரியர். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இந்தத் தீவே என்று கருதுவோர் பலர் என்பதையும், ஒரு பீடத்துக்காக நாக அரசர் இருவர் போரிட, புத்தர் வந்து அதைத் தணித்த கதை அந்தக் காப்பியத்திலும் மகாவம்சத்திலும் வருகிறது என்பதையும், மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது மணிபல்லவத்துப் பொய்கையில்தான் என்பதையும் அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். அம்மன் கோயிலுக்கு வருபவர்களுக்கு அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் மதியச் சாப்பாடு போடுகிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியபோது, இரண்டு மணிப் படகைத் தவறவிட்டால் பஸ் காத்திராது, சாப்பாடு நகரத்தில் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது என்று மறுபடியும் தொலைபேசி அழைப்பு வந்தது.

நகரத்தில் ஒழுங்கு செய்யப்பட்ட அந்தச் சாப்பாடு நண்டுக்கறி. யாழ்ப்பாண நண்டுக்கறிக்கு நான் எதிரியல்ல. ஆனால் போயா நாளில், காலையில் இரண்டு கோயில்களுக்குப் போய்விட்டு, மாலையில் கீரிமலை நகுலேஸ்வரத்துக்குப் போகவிருக்கும் தமிழ்ச் சனத்துக்கு மாலை மூன்று மணிக்கு நண்டு பரிமாறுவது எந்த ஊர் ஒழுங்கு? மரக்கறிச் சாப்பாடு கேட்டவர்களுக்கு அதே மேசையிலிருந்து பருப்பும் கத்தரிக்காயும் வந்தன. நண்டுச் சட்டிக்குள் போட்ட அகப்பையையே பருப்புக்கும் போட்டதைக் கண்ட பெரியம்மா, தயிரும் சோறும் போதும் என்று தட்டைத் தள்ளிவிட்டார். பஸ்ஸில் பாதிப்பேருக்கு மேல் அன்று பின்னேரம் நகுலேஸ்வர வாசலில் வெளியிலேயே நின்று கும்பிட்டதற்குக் காரணம் இந்தச் சாப்பாடுதான். உணவு உள்ளடங்கும் என்று ஒருவர் சொன்னால், என்ன உணவு, எங்கே, எத்தனை மணிக்கு, கோயிலுக்கு முன்னா பின்னா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கோயிலும் சாப்பாடும் கலந்த ஒரு நாளில் இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை.

பொது நூலகம் பூட்டியிருந்தது. அரச விடுமுறை நாளில் அது பூட்டியிருக்கும் என்பது யாழ்ப்பாணத்தில் பஸ் விடும் ஒருவருக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது. திறந்திருக்கும் நாட்களிலும் பார்வையிட வருவோருக்கு ஒதுக்கிய நேரத்தில்தான் உள்ளே போகலாம். வாயிற்கம்பிகளின் ஊடாகச் சரஸ்வதி சிலையையும் வெள்ளைக் கட்டடத்தையும் எல்லோரும் படம் பிடித்தோம். "யுத்தத்தில எரிஞ்ச நூலகம் இது" என்று வழிகாட்டி ஒரே வரியில் முடித்துக்கொண்டார். ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, எரிஞ்சதில்லை, எரிச்சது. யுத்தம் துவங்க முந்தி, எண்பத்தொண்டில. பிள்ளையளுக்குச் சரியாச் சொல்ல வேணும்," என்றார். 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், திரும்பப் பெற முடியாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான பாதிரியார் தாவீது அடிகள் உயிரிழந்ததையும் ஐயா சொன்னார். பெறாமகள் கம்பியைப் பிடித்தபடி, யார் எரித்தார்கள், ஏன் எரித்தார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். அந்தக் கேள்விகளுக்கு அரை மணி நேரமாவது வேண்டும். சாரதி ஹோர்ன் அடித்தார்.

அதே சாரதி அடுத்த நிறுத்தத்தில் ஹோர்ன் அடிக்கவில்லை. துண்டுப்பிரசுரத்தில் இல்லாத அந்தப் பத்தாவது இடம் ஒரு கடை: பனங்கட்டி, புழுக்கொடியல், நெல்லிரசம், மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், கறுத்தக்கொழும்பான் மாம்பழம். எல்லாம் நல்ல பொருட்கள்தான். ஆனால் திருநெல்வேலிச் சந்தையில் முதல் நாள் நாங்கள் வாங்கிய பனங்கட்டியை விட இங்கு விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. சாரதிக்கும் உதவியாளருக்கும் கடையின் பின்புறத்தில் தேநீரும் வடையும் வந்தன. கடையில் நாங்கள் நின்ற நேரம், நூலக வாசலிலும் பின்பு கந்தரோடையிலும் நின்ற நேரத்தைக் கூட்டினாலும் அதைவிட அதிகம். சுற்றுலா பஸ்ஸை வாடகைக்கு விடுபவர்கள் கடைகளிலிருந்து தரகுப் பணம் பெறுவது உலகெங்கும் நடப்பது. அதை நான் பெருங்குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் அந்த நேரம் எங்கிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது என்பதுதான் பயணியின் கேள்வியாக இருக்க வேண்டும்.

அன்று அது நிலாவரையிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் வெட்டப்பட்டது. நேரம் போதாது என்று அறிவித்த வழிகாட்டி, ஆறுதலுக்காக நிலாவரையின் கதையைப் பஸ்ஸில் இருந்தபடியே சொன்னார்: இராமர் அம்பு எய்து உண்டாக்கிய கிணறு, அதன் அடி கண்டவர் இல்லை, அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்து வந்ததாம். எலுமிச்சம்பழம் போய்ச் சேர்ந்த இடங்களுக்கும் நாங்கள் போய்ச் சேரவில்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, கடல்நீருக்கு மேலே பாரம் குறைந்த நன்னீர்ப் படையாக நிற்கிறது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதற்கும், கடலுக்குப் பக்கத்திலேயே கீரிமலையில் நன்னீர் ஊறுவதற்கும் அதுவே காரணம். கீரிமலையில் இறங்கியபோது பெறாமகனின் முதற்கேள்வி, கடலுக்கு இவ்வளவு கிட்ட உப்பில்லாத தண்ணீர் எப்படி என்பதுதான். எலுமிச்சம்பழக் கதையோடு இந்த நான்கு வரியையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவனுக்குப் பதில் கிடைத்திருக்கும்.

கந்தரோடையில் பத்து நிமிடம். வேலிக்குள்ளே சிறிய கல் தூபிகள் கூட்டமாக நிற்கும் அந்த இடத்தை, தமிழர் மத்தியில் பௌத்தம் இருந்த காலத்தோடும், காலையில் பார்த்த நயினாதீவோடும் தொடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்த நாள் முழுவதும் ஒரே கதையாகக் கூடி வந்திருக்கும். கீரிமலையில் இருட்டுவதற்குச் சற்று முன் இறங்கினோம். ஆண்களின் கேணி கடலை ஒட்டித் திறந்தபடி இருக்கிறது. பெண்களுக்குச் சுவர் மறைப்புள்ள தனிக் கேணி. கீரிமுகம் கொண்ட முனிவரும் குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசியும் இந்த நீரில் மூழ்கி மனித முகம் பெற்ற கதைகளைப் பெரியம்மா சொல்ல, பெறாமகன் காற்சட்டையோடு குதித்துவிட்டான். உடை மாற்ற நேரமில்லை. நனைந்த பிள்ளையைக் குளிரூட்டிய பஸ்ஸில் ஏற்ற உதவியாளர் முதலில் மறுத்தார். பிறகு ஒரு சொப்பிங் பையைக் கிழித்து ஆசனத்தில் விரித்து அதன்மேல் இருத்தினார். சுற்றுலாவில் கீரிமலை இருக்குமானால் துவாயும் மாற்றுடையும் கைப்பையிலேயே இருக்கட்டும். பஸ்ஸின் அடியில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை.

கோட்டைக்கு வந்தபோது வாயில் சாத்தியிருந்தது. போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியதையும், 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐந்து கோணத்தில் பெருப்பித்ததையும், 1795இல் ஆங்கிலேயரிடம் போனதையும் வழிகாட்டி சரியாகவே சொன்னார். மதிலின் இருண்ட உருவத்தைத்தான் காட்ட முடிந்தது. காலையிலும் பின்னேரமும் பண்ணைப் பாலத்தால் போய் வந்த பஸ் இரு தடவையும் அந்தக் கோட்டையின் பக்கத்தால்தான் கடந்து போனது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வழிகாட்டிப் பையனில் எனக்குக் கோபமில்லை. பணிவானவர், பெரியம்மாவை ஒவ்வொரு தடவையும் கைபிடித்து இறக்கினார். இறங்கும்போது பேச்சுக் கொடுத்ததில், தான் வழிகாட்டியாகப் பயிற்சி பெற்றவர் அல்ல, பயணிகளை எண்ணி ஏற்றி இறக்கவே சம்பளம் என்று சொன்னார். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்குத் தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, குறித்த தலத்துக்கான வழிகாட்டி என வகை பிரித்து உரிமம் வழங்குகிறது. உரிம அட்டை அவர்களிடம் இருக்கும். வழிகாட்டியுடன் என்று விளம்பரப்படுத்துபவர்களிடம், அவருக்கு எந்த வகை உரிமம், எங்களோடு படகில் வருவாரா, எந்த மொழியில் பேசுவார் என்று பணம் கட்டுமுன் கேட்கலாம். பதில் இழுபட்டால் அவர் வெறும் ஒருங்கிணைப்பாளர் என்று எடுத்துக்கொள்ளலாம். இடங்களின் எண்ணிக்கையைக் காட்டுபவரிடம், ஒவ்வொன்றிலும் தரையில் நிற்கும் நேரம் எவ்வளவு, இறங்கிப் பார்ப்பதா, கண்ணாடியால் பார்ப்பதா என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். போயா நாள், நல்லூர்த் திருவிழாக் காலம், ஆடி அமாவாசை ஆகிய நாட்களில் குடாநாட்டின் வீதிகளும் இறங்குதுறைகளும் வேறு கணக்கில் இயங்குகின்றன. அந்த நாட்களில் நயினாதீவை மற்ற எதனோடும் சேர்க்காமல் விடியற்காலையிலேயே முடித்துவிடுவது அறிவு. கோயில்கள் மதியப் பூசையின் பின் சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பதால், நண்பகலை நிழலுள்ள இடத்துக்கோ பயணத்துக்கோ ஒதுக்க வேண்டும்.

முறைப்பாட்டை அன்றிரவே எழுதினேன். வசைச் சொல் ஒன்றும் இல்லை. துண்டுப்பிரசுரத்தின் ஒன்பது வரிகளையும் அப்படியே எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் நடந்ததை எழுதினேன்: இறங்கினோம், இறங்கவில்லை, பூட்டியிருந்தது. தொலைபேசியில் எடுத்த படங்களில் நேரம் பதிந்திருந்ததால் அவற்றையும் பற்றுச்சீட்டின் படத்தையும் இணைத்தேன். முதலில் காலநிலையையும் சன நெரிசலையும் காரணம் காட்டினார்கள். விடுமுறை நாளில் நூலகம் பூட்டியிருப்பது காலநிலையால் அல்ல என்று பதில் எழுதிய பின், போகாத இடங்களுக்கென ஒரு பகுதிப் பணம் திரும்பி வந்தது. அடுத்த பயணத்துக்குக் கழிவு தருவதாகவும் சொன்னார்கள். கழிவை ஏற்கவில்லை.

அடுத்த கிழமை சாதாரண நாளொன்றில் வான் பிடித்து வடமராட்சித் திசையில் மட்டும் போனோம். காலையில் போகும் வழியில் நிலாவரை, பிறகு பருத்தித்துறை, வெயில் தாழ மணற்காடு. வேறு எதுவும் சேர்க்கவில்லை. பிறிதொரு பின்னேரம் கோட்டைக்கு, வாயில் சாத்தும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, நகரத்திலிருந்து நடந்தே போய்விட்டோம். நயினாதீவுக்குத் திரும்பப் போக விரும்புபவர்களுக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776ஆம் இலக்க பஸ் ஓடுகிறது. அதில் சினிமாப் பாட்டு நிச்சயம் உண்டு, ஆனால் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வான் பிடிப்பவர்கள் வாடகையோடு சாரதியின் மதியச் சாப்பாட்டையும் புறப்படுமுன் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர் தனக்கு இலவசமாகச் சோறு போடும் கடைக்குத்தான் வண்டியைத் திருப்புவார்.